கட்டிக் கொடுத்தாச்சு, மாற்று எடுக்கவும்

எனக்குக் கோவம் வந்தா மொதல்ல காது சுடும். அப்புறந்தான் வாய் தெறக்கும். அன்னைக்கு ஆபீஸ்ல காது சுட்டுச்சு, வாய்தான் தெறக்கல. கையில இருந்த டேப்லெட்டையே பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அதுல அடிச்சுத் தள்ளியிருந்த பேரு என்னோடது.

வெவரமாச் சொன்னாத்தான் புரியும். நாட்டுல சயின்ஸும் இன்ஜினியரிங்கும் படிச்சவங்க இப்ப என்ன பண்ணிட்டிருக்காங்கன்னு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கணக்கெடுக்கற சர்வே ஒண்ணு இருக்குது. யாரு படிச்ச வேலையைச் செய்யறாங்க, யாரு வேற பொழப்புக்குப் போயிட்டாங்க, யாரு ஊட்ல இருக்காங்கன்னு அதுல தெரியும். அந்தக் கணக்கை வெச்சுத்தான் மேல இருக்கறவங்க திட்டம் போடுவாங்க. அதைப் புதுசா மாத்தி அமைக்கப் போறோம்னு சொல்லி, மொதல்ல சில ஊர்ல சோதிச்சுப் பாத்தாங்க. அதுல எங்க கோயமுத்தூர்ப் பக்கமும் ஒண்ணு. காலேஜுல இருந்து பழைய மாணவர் பட்டியலை வாங்கி, குலுக்கல்ல பேரு எடுப்பாங்க. எங்க ஆளுங்க அந்த அட்ரஸுக்குப் போயி, ஆளைப் பாத்து, கேள்வி கேட்டு, டேப்புல பதியோணும். அவங்களுக்கு நான் சூப்பர்வைசர். ஒப்பந்த வேலைதான், ஆனா பத்து வருசத்துக்கு மேல இதே பொழப்பு.

போன இடத்துல ஆளு இல்லைன்னா பட்டியல்ல அடுத்த பேரை எடுத்துக்கலாம்னு ஒரு விதி இருக்குது. அதுக்கு மாற்றுன்னு பேரு. அதுக்கு முன்னால மூணு தடவை தேடிப் போயிருக்கோணும். எங்க போயிருக்காங்க, எப்ப வருவாங்கன்னு விசாரிச்சிருக்கோணும். இதை நான் டிரெய்னிங்ல தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன்.

அன்னைக்குக் கோபிசெட்டிபாளையத்துல இருந்து வந்த மாற்றுக் கணக்கைச் சரி பாத்துட்டிருந்தேன். காரணம் எழுதற கட்டத்துல ஒரே வரிதான், மேல இருந்து கீழ வரைக்கும். "திருமணமாகிச் சென்றுவிட்டார். மாற்று எடுக்கப்பட்டது." தள்ளிட்டே வந்தேன். ஒரு இடத்துல தெருப் பேரு தெரிஞ்ச பேரா இருந்துச்சு. கதவு நம்பரும் தெரிஞ்ச நம்பரு. எங்கப்பா இனிஷியல், அதுக்குப் பக்கத்துல என் பேரு, பி.இ. எலெக்ட்ரிகல். அதே வரி. திருமணமாகிச் சென்றுவிட்டார்.

எனக்குப் பதிலா எடுத்த மாற்று யாருன்னு பாத்தேன். காலேஜுல என் கிளாஸ்ல, அட்டெண்டன்ஸ்ல எனக்கு அடுத்த பேரு. கடைசி பெஞ்சு. இப்ப சைட் பிரிச்சு வித்துட்டிருக்கறான். நல்ல மனுசன், அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நாட்டோட இன்ஜினியர் கணக்குல அவன் இருக்கறான், நான் இல்ல. அந்தக் கணக்கையே எடுக்கச் சொல்லிக் கொடுக்கற நான் அந்தக் கணக்குல இல்ல. சிரிப்பு வரும்னு பாத்தேன், வரல.

அப்புறம் மத்த ஊர்ப் பட்டியலையும் தெறந்து பாத்தேன். கிணத்துக்கடவுலயும் இதே கதை, மத்த ஊர்லயும் இதே கதை. அடிச்சுத் தள்ளினது பூராம் பொம்பளைங்க. பையனுங்களுக்குக் கல்யாணம் ஆனாலும் அதே ஊடு, அதே அட்ரஸ். கதவைத் தட்டினா கிடைப்பாங்க. பொண்ணுங்க பொறந்த ஊட்டு அட்ரஸைத்தான் காலேஜுல எழுதிக் கொடுத்திருப்பாங்க, கட்டிக்கிட்டுப் போன பின்னால காலேஜுக்குப் போயி அட்ரஸ் மாத்தறது யாரு? போன தடவை வந்த அறிக்கையில பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க, பெண் பொறியாளர்கள் துறையை விட்டு விலகுகிறார்கள்னு. விலகறாங்களாம். அட கருமமே, நீங்க தேடவே இல்ல.

கோபிக்குப் போன ஆளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டேன். நாப்பது வயசு ஆளு, பொறுப்பான ஆளுதான். மூஞ்சியில ஒரு குற்ற உணர்ச்சியும் இல்ல. இந்தப் பக்கமெல்லாம் கட்டிக் கொடுத்த பொண்ணை எங்கன்னு போயித் தேடறதுங்க மேடம், பெத்தவங்களே கொடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்கன்னாரு. அந்தப் பேரு நான்தான்னு சொன்னேன். அவரு டேப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம் என் இனிஷியல் மாறிப்போச்சுல்ல, என் டிரெய்னிங் கிளாஸ்ல ரெண்டு நாள் உக்காந்து காப்பி குடிச்ச மனுசனுக்கும் பட்டியல்ல இருந்தது நான்தான்னு தெரியல. உங்க ஊட்ல மோர் நல்லா இருந்துச்சுங்க மேடம்னாரு. என்னத்தைச் சொல்றது, தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கோபிக்குப் போயி அம்மாவைப் பிடிச்சேன். அவங்களுக்கு நான் எதுக்குக் கத்தறேன்னே புரியல. வந்தவரு பொண்ணு இருக்குதுங்களான்னு கேட்டாரு, கட்டிக் கொடுத்துட்டோமுங்கன்னு உள்ளதைத்தானே சொன்னேன்னாங்க. சரி, என் போன் நம்பரைக் கொடுத்திருக்கலாமில்லன்னு கேட்டேன். அம்மா என்னை ஏற எறங்கப் பாத்தாங்க.

"கட்டிக் கொடுத்த புள்ள நம்பரை முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைக்கு எப்படிக் கண்ணு கொடுக்கறது? மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

அதுதான் விசயமே. எங்க பக்கத்துல மரியாதைன்னா அப்படித்தான். யாரையும் தொரத்த மாட்டாங்க, பொய் சொல்ல மாட்டாங்க, மோர் கொடுத்து நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாங்க. ஆனா பொண்ணைப் பத்திக் கேட்டா, அது இப்ப எங்க பொறுப்பு இல்லீங்கன்னு ஒரு கதவைப் பைய சாத்திருவாங்க. பி.இ. படிக்க வெச்சதும் இதே அம்மாதான். ஹாஸ்டல்ல விட்டுட்டு அழுதுட்டே பஸ் ஏறினதும் இதே அம்மாதான். யாரு வந்தாலும் பேங்க் லோனு, மாடு, தென்னைன்னு எல்லாக் கதையையும் சொல்ற மனுசி, என்னைப் பத்தி மட்டும் கட்டிக் கொடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தையில முடிச்சுப்போட்டாங்க. அம்மாகிட்டச் சண்டை போட்டேன். அதுவும் வீண் சண்டை, மத்தியானம் சாப்பிடாமயே கெளம்பி வந்துட்டேன்.

தலைமையிடத்துல இருந்து சோதனையைக் கவனிக்க ஒரு அதிகாரி வந்திருந்தாரு. சென்னைக்காரரு, தன்மையானவரு, குரலே ஒசத்த மாட்டாரு. அவருகிட்ட பட்டியலைக் கொண்டுபோயி வெச்சேன். ஆர்வமாத்தான் பாத்தாரு. இது முக்கியமான விசயம் மேடம், ஒரு வாரம் எடுத்துக்குங்க, முடிஞ்ச வரைக்கும் தேடிப் பாருங்கன்னாரு. புது சர்வேயில இவரு கொண்டுவந்த ஏற்பாடு ஒண்ணு இருந்துச்சு. கணக்குல சேந்த ஒவ்வொருத்தருக்கும் அரசாங்க முத்திரை வெச்ச நன்றிக் கடுதாசி போகும். பேரு, படிப்பு, செய்யற வேலை மூணும் அச்சடிச்சு இருக்கும். ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்பவும் வருவோம்னு அதுல சொல்லியிருக்கும். நீங்க தேடிப் பிடிக்கறவங்களுக்கும் இது போகும் மேடம்னு அவரே சொன்னாரு. இதை நல்லா ஞாபகம் வெச்சிருக்கேன், ஏன்னா இதை நம்பித்தான் நான் ஊர் ஊராப் போயி வாக்குக் கொடுத்தேன்.

போன்ல கூப்பிட்டா பெத்தவங்க என்கிட்டயும் பொண்ணு நம்பரைக் கொடுக்கல. பொம்பளைக் குரலா இருக்கறதால சம்பந்தி நம்பரைக் கொடுத்தாங்க. அப்படித்தான் கிணத்துக்கடவுல அடிச்சுத் தள்ளின ஒரு பேரைத் தேடிக் காங்கேயம் போனேன். பி.டெக் கெமிக்கல். கட்டிக்கிட்டு வந்தது எண்ணெய் மில் குடும்பத்துல.

களம் பூரா கொப்பரை காஞ்சுட்டிருந்துச்சு. பூசணம் புடிக்காம இருக்கப் போட்ட கந்தகத்தோட நெடி மூக்குல ஏறுச்சு. மாமனாரு வெள்ளை வேட்டியோட சேர் போட்டு உக்காந்திருந்தாரு. என்னை உக்கார வெச்சு, எளநி வெட்டிக் கொடுக்கச் சொல்லிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னாரு. மருமக நல்லாப் படிச்ச புள்ளைன்னு பெருமையாச் சொன்னாரு. என்ன வேலை செய்யறாங்கன்னு கேட்டேன்.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்களை வேலைக்கு அனுப்பற வழக்கமில்லீங்க. நமக்கு அந்த அவசியமும் இல்லீங்க."

பல்லைக் கடிச்சுட்டு எளநியைக் குடிச்சேன். அந்த நேரத்துல அவருக்குப் போன் வந்துச்சு, எண்ணெய் வாங்கறவங்க போலிருக்குது. போனைக் கையில பொத்திக்கிட்டு, எடைமேடைக்குப் பக்கத்துல இருந்த ரூமைப் பாத்து, அம்மணி, மூணாம் டேங்கு எண்ணெயில ஆசிட் அளவு எப்படி இருக்குதுன்னு சத்தம் போட்டாரு. உள்ள இருந்து ஒரு பொண்ணு, அது இன்னைக்கு ஏத்தற பதத்துல இல்லீங்க மாமா, இன்னொருக்கா சுத்திகரிச்சுப் பாத்துட்டு நாளைக்குத்தான் அனுப்பலாமுங்கன்னு சொல்லுச்சு. மாமனாரு மறுபேச்சுப் பேசல. போன்ல, நாளைக்குத்தானுங்கன்னாரு. வாசல்ல எஞ்சினைப் போட்டுட்டு நின்ன டேங்கர் லாரி எஞ்சினை நிறுத்துச்சு. இவங்கதான் வேலைக்குப் போகாத மருமக.

அந்த ரூமை ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுங்களான்னு கேட்டேன். தாராளமாப் பாருங்கன்னாரு. உள்ள சோதனைக் குழாய், தராசு, ஒரு லேப்டாப், கொப்பரை வெட்டி வெச்ச தட்டு. முப்பது வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. என் கேள்வியை மொதல்ல இருந்து கேட்டேன். போன வாரம் என்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டா, நான் ஊட்லதானுங்க இருக்கறேன்னு அதுவும் அதையே சொல்லுச்சு. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அப்ப அந்த லாரியை நிறுத்துனது ஆருங்க, உங்க மாமியாரான்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு என்னையே பாத்துச்சு.

இப்படிச் சொன்னா மாமாவைக் கொறை சொல்ற மாதிரி ஆயிடாதுங்களான்னு கேட்டுச்சு. ஆகாதுன்னேன். என் கதையையும் சொன்னேன். என்னையும் இதே மாதிரி அடிச்சுப்போட்டாங்க, எங்கம்மா மோர் கொடுத்து வழியனுப்பி வெச்சாங்கன்னு சொன்னதும் வாய்விட்டுச் சிரிச்சுது. அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. எண்ணெய் சோதிக்கறது, எந்தக் கொப்பரையை எடுக்கலாம் எதை விடலாம்னு பிரிக்கறது, மிஷின் ரிப்பேரானா எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கறது, எல்லாம் அந்தப் பொண்ணுதான். லேப்டாப்பைத் தெறந்து ஒரு வரைபடம் காட்டுச்சு. கொப்பரையை மழைக்காலத்துலயும் காய வைக்கற டிரையர். தேங்காத் தொட்டியை, அதான் கொட்டாங்குச்சியை எரிச்சு, புகை மேல படாம, சூடு மட்டும் போகற மாதிரி வரைஞ்சிருந்துச்சு. கந்தகமே போட வேண்டாமுங்கன்னு சொன்னப்ப அந்த மூஞ்சியைப் பாக்கோணும். ரெண்டு வருசமாக் கேட்டுட்டிருக்குதாம். மாமனாருக்கு ஆசைதான், மில்லுல பங்கு இருக்கற அவரு தம்பிங்க ரெண்டு பேரும் ஒத்துக்கலையாம். ஊட்டுப் புள்ள வரைஞ்ச படத்தை நம்பி மிஷின் போடறதான்னு கேக்கறாங்களாம்.

அந்தப் பொண்ணு கண்ணு முன்னாலயே டேப்புல அடிச்சேன். வேதிப் பொறியாளர், எண்ணெய் ஆலை. திருப்பிக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சுது. கடுதாசி வரும்னு சொன்னதும், அதுலயும் இப்படியே இருக்குமுங்களான்னு கேட்டுச்சு. இப்படியே இருக்கும்னேன்.

அந்தப் பொண்ணோட வெளிய வந்து மாமனாருகிட்டச் சொன்னேன், நீங்க சொன்னதை மாத்திப்போட்டேனுங்க, உங்க மருமகளை இன்ஜினியர்னு எழுதியிருக்கேன்னு. கோவிச்சுக்குவாருன்னு பாத்தா அந்த மனுசன் நிமிந்து உக்காந்தாரு. கவர்மெண்டே அப்படி எழுதுதுங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு. முத்திரை போட்ட கடுதாசி வரும்னதும் அவரு கண்ணே மாறிப்போச்சு. மருமக பக்கம் திரும்பினாரு.

"அப்ப அது வரட்டும் அம்மணி. தம்பிங்ககிட்டக் காட்டிப்போட்டு, அடுத்த நாளே உன்ற டிரையருக்கு அஸ்திவார வாணம் தோண்டறேன்."

மருமக என்னைப் பாத்துச்சு. நான் அந்த எடத்துல கொஞ்சம் வாயை அடக்கியிருக்கோணும். நான் யாரு, ஒப்பந்தத்துல இருக்கற சூப்பர்வைசர். ஆனா எனக்கு உச்சி குளுந்து போயிருந்துச்சு. கண்டிப்பா வருமுங்கன்னு சொல்லிட்டு, என் போன் நம்பரையும் கொடுத்துட்டு வந்தேன்.

அந்த வாரம் பூரா அலைஞ்சேன். எல்லாருமே எண்ணெய் மில்லு மருமக மாதிரி இல்ல. சிலரு நெசமாவே வேலையை விட்டிருந்தாங்க, அதையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். ஒருத்தங்க கதவைச் சாத்திட்டாங்க. ஆனா பம்ப் கம்பெனியில டிசைன் பாக்கறவங்க, ஊட்ல இருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதறவங்க, நைட்டியில உக்காந்துட்டு சி.என்.சி. மிஷினுக்குப் புரோகிராம் போட்டுப் புருசன் பட்டறைக்கு அனுப்பறவங்கன்னு ஒவ்வொருத்தரா ஆப்பட்டாங்க. அத்தனை பேரும் எங்க கணக்குப்படி காணாமப் போனவங்க.

அப்புறம் ஆய்வுக் கூட்டம். அவிநாசி ரோட்டுல ஒரு ஓட்டல்ல ஏசி ஹால், முறுக்கு, காப்பி. என் பட்டியலைத் திரையில போட்டாங்க. அதிகாரி வழக்கம்போல நிதானமாப் பேசினாரு. கோவைக் குழுவோட உழைப்பு பாராட்டத்தக்கதுன்னு ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது பூசி மொழுகற பேச்சுன்னு. இவங்களைச் சேத்தா பழைய கணக்கோட புதுக் கணக்கை ஒப்பிட முடியாதாம். மத்த ஊர்ல இப்படித் தேடல, கோவையில மட்டும் தேடினா சமநிலை கெட்டுப்போகுமாம். அதோட, இவங்கள்ல பல பேருக்குச் சம்பளச் சீட்டோ வேலை உத்தரவோ கிடையாது, அப்ப எப்படி வேலை செய்யறவங்கன்னு எடுத்துக்கறதுன்னாரு.

நான் எந்திரிச்சேன். காது சுட்டுச்சு, வாயும் தெறந்துச்சு. "ரேஷன் கார்டுல இருந்து எங்கப்பன் என் பேரை எடுத்தாரு, என் புருசன் கார்டுல சேத்தாங்க. ரெண்டு கிலோ சர்க்கரைக்கு என்னைக் கரெக்டா கண்டுபிடிச்சு வந்த கவர்மெண்டுக்கு, என் பட்டத்துக்கு மட்டும் என் ஊடு தெரியாதா?" அப்படின்னு கேட்டேன். ஹால்ல யாரும் முறுக்குக் கடிக்கல. மேல மேல கேட்டேன். தேடாம விட்டுட்டு விலகிட்டாங்கன்னு எழுதறீங்களே, அது கணக்கா கதையான்னு கேட்டேன். உங்க பட்டியல்ல நானே காணாமப் போனவ, இந்தாங்க நிக்கறேன், எண்ணுங்கன்னு சொன்னேன்.

அதிகாரி உண்மையிலேயே சங்கடப்பட்டாரு. உங்க பேரு விட்டுப்போனது தெரியாது மேடம், உங்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்குதில்ல, உங்களை மட்டும் சேத்துறலாம்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காப்பி டம்ளரை எறிஞ்சிருப்பேன். என்னை விடுங்க சார், அந்தக் காங்கேயத்துப் பொண்ணைச் சேருங்க, அதுக்கு அந்தக் கடுதாசி வேணும்னு சொன்னேன். என்ன வேணும், எதுக்கு வேணும்னு மொத்தத்தையும் சொன்னேன். டிரையர், தம்பிங்க, வாணம் தோண்டறது எல்லாம். அவரு குறிச்சுக்கிட்டாரு. இவங்க எல்லாரையும் தனி இணைப்பா அறிக்கையில போடறோம், கடுதாசிக்கும் பேசறேன், நீங்க களப்பணிச் சான்றுல கையெழுத்துப் போடுங்க மேடம்னாரு. தேர்ந்தெடுத்தவங்க எல்லாரையும் விதிப்படி தொடர்பு கொண்டோம்னு சொல்ற தாள் அது. போட்டேன். நம்பித்தான் போட்டேன், அந்தக் கையைத்தான் வெட்டிக்கோணும்.

சில மாசம் கழிச்சுப் புதுக் கையேடு வந்துச்சு. நாடு பூராவுக்கும் இனி அதுதான். இணைப்பைத் தேடினேன், இல்ல. மாற்று பத்தின பக்கத்தைத் தெறந்தேன். அதுல புதுசா ஒரு குறியீடு சேத்திருந்தாங்க. "திருமணமாகிச் சென்றவர். மீண்டும் செல்லத் தேவையில்லை. உடனே மாற்று எடுக்கவும்." அடிக்குறிப்புல, கோவைக் களக்குழுவின் கண்டறிதலின்படின்னு போட்டிருந்துச்சு. முன்னால ஏதோ சோம்பேறித்தனத்துல செஞ்சுட்டிருந்ததை, கட்டிக் கொடுத்தவங்க பழைய அட்ரஸ்ல இருக்க மாட்டாங்கன்னு நான் வெயில்ல அலைஞ்சு கண்டுபிடிச்சுக் கொடுத்து, இப்ப விதியாவே ஆக்கிப்போட்டாங்க. முன்னாடி மூணு தடவையாவது போகோணும்னு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. பக்கத்து டேபிள்காரங்க என்ன மேடம்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு மொட்டை மாடிக்குப் போயி நின்னேன், அழுகையா வந்துச்சு, ஆத்திரத்துல வந்த அழுகை.

அதிகாரிக்குப் போன் போட்டேன். எடுத்தாரு, அதுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க மேடம், அடுத்த தடவை பாக்கலாம்னாரு. காங்கேயத்துக் கடுதாசின்னு கேட்டேன். கணக்குல சேந்தவங்களுக்கு மட்டுந்தான் போகுதுன்னாரு. வெக்கறதுக்கு முன்னால, உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்குதுன்னும் சொன்னாரு. நான் கேட்டுக்கல, கட் பண்ணிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. கோபி ஊட்டு வாசல்ல அம்மா நிக்கறாங்க, கையில அரசாங்க முத்திரை வெச்ச கடுதாசி. எங்கப்பா இனிஷியலோட என் பேரு. படிப்பு, பி.இ. எலெக்ட்ரிகல். பணி, புள்ளிவிவரக் கள மேற்பார்வையாளர். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. அந்த அதிகாரி என்னை மட்டும் சேத்துப்போட்டாரு. வேண்டாம்னு அத்தனை பேரு முன்னால சொன்னவளை, வாயடைக்கறதுக்கோ நல்லது பண்றதா நினைச்சோ, சேத்துப்போட்டாரு. என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்காமயே சேத்துப்போட்டாரு. அம்மா தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டாங்களாம். உன்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க பாரு கண்ணுன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. அதைப் பாதியிலயே நிறுத்திட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே போன் வந்துச்சு. காங்கேயம். எடுக்காம விட்டுறலாமான்னு ஒரு நிமிசம் நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன். எடுத்தேன். அந்தப் பொண்ணு மொதல்ல என் ஒடம்பை விசாரிச்சுது, அப்புறம் ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுச்சு. மாமா தெனமும் தபால்காரரைக் கேக்கறாருங்க, அவரு தம்பிங்களும் எங்க உன்ற கவர்மெண்டு கடுதாசின்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அதுவே எனக்கு ஒரு வழியும் பண்ணிக் கொடுத்துச்சு. தபால்ல எங்காவது தங்கியிருக்கும், இல்ல இன்னும் யாருக்குமே அனுப்பியிருக்க மாட்டாங்க, அப்படித்தானுங்கன்னு கேட்டுச்சு.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உள்ளதை உள்ளபடி எழுதோணும்னு பத்து வருசமா மத்தவங்களுக்குப் பாடம் எடுத்தவ நான்.

"உங்களுக்கு வந்துச்சுங்களாக்கா?"

அது வரைக்கும் மேடம்னு கூப்பிட்டுட்டிருந்த பொண்ணு, அப்பத்தான் மொதத் தடவையா அக்கான்னு கூப்பிட்டுச்சு.

"வந்துச்சுங்க," அப்படின்னேன்.

நான் கையேட்டைப் பத்தி, அதிகாரியைப் பத்தி, எல்லாத்தையும் சொல்லிப் புரிய வைக்கப் பாத்தேன், நான் வேண்டாம்னு சொல்லியும் என்னை மட்டும் சேத்துட்டாங்கன்னு சொன்னேன். ஏன் ஏமாத்துனீங்கன்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

"சரிங்கக்கா. டிரையர் வேண்டாம்னு நானே மாமாகிட்டச் சொல்லிப்போடறேனுங்க. அவரு தபால்காரரைக் கேட்டுட்டே இருக்காரு, பாவம்."

லாரி வந்திருக்குதுன்னு சொல்லிட்டு, வெச்சுடட்டுங்களான்னு என்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனை வெச்சுது.